நம் காதுகளை வளர்த்தவர்கள்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் நிலம், கூலி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இட ஒதுக்கீடு என்று பேசுவது நம் அரங்குகளின் வழக்கம். இந்த ஆண்டு இசையைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தபோது, "இப்போது பாட்டைப் பற்றிப் பேச என்ன அவசரம்?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம் பிள்ளைகள் இன்று பறை கற்றுக்கொள்ள வருகிறார்கள். அவர்களுடைய தாத்தாக்களோ அதே பறையை இனித் தொடமாட்டோம் என்று கீழே வைத்தவர்கள். இருவரும் சுயமரியாதைக்காகவே அதைச் செய்தார்கள். ஒரே வீட்டுக்குள் நிற்கும் இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாமல் பண்பாட்டு வேலையை மேலே கொண்டுபோக முடியாது. எந்த இசையைக் கேட்டு வளர்ந்தோம், அது ஏன் நமக்குப் பிடித்தது, எதைக் கேட்கக் கூசினோம் என்று பார்ப்பதுதான் அதற்கு வழி.

யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர் மேடையில் பேசியதைவிடப் பாடியதே அதிகம். கூட்டம் சேரும் முன் பாடி ஆள் சேர்ப்பார்; கூட்டம் கலைந்த பிறகு சமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டே பாடுவார். அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று விளக்குவதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான்.

தெருவும் காதும்

பிடித்த பாடகர் யார், பிடித்த இசைக்குழு எது என்று கேட்டால் நாம் ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சொல்வோம். அது முழுக்க நம் சொந்த விருப்பம் என்றே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் எந்த ஒலி நம் காதில் விழும், எது விழாது என்பதை நாம் பிறந்த தெரு பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. சபாக் கச்சேரி சேரிக்கு எட்டியதில்லை. கோயில் நாகசுரம், சாமி எந்தத் தெரு வரை வருமோ அந்தத் தெரு வரைதான் வந்தது. ஊரும் சேரியும் சேர்ந்து கேட்டது சாவு வீட்டுப் பறையைத்தான். அதிலும் அடிக்கச் சொல்கிறவர் ஒரு பக்கம், அடிக்கிறவர் மறுபக்கம். ஒரே தாளத்தை ஊர் சடங்காகக் கேட்டது. சேரி வேலையாகக் கேட்டது.

வானொலி வந்தபோது இந்த ஏற்பாட்டில் ஒரு விரிசல் விழுந்தது. இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடையிலும் ரேடியோப் பாட்டு ஒன்றுதான். தனிக் குவளையோடு வெளியே குந்தியிருந்தவர் காதிலும், உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் காதிலும் அது ஒரே நேரத்தில் விழுந்தது. பிறகு மைக் செட் வந்தது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் என்று எதுவானாலும் மரத்திலோ மூங்கிலிலோ கூம்பு ஸ்பீக்கர் ஏறியது. எண்பதுகளில், நாம் கேட்கும் பாட்டுகளை வெற்றுக் கேசட்டில் பதிந்து தரும் கடைகள் சிறுநகரங்களில் முளைத்தன. எந்தப் பாட்டு வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்று துண்டுச்சீட்டில் நாமே எழுதிக் கொடுத்தோம். நம்மில் பலருக்கு ரசனை என்ற ஒன்று கையில் வந்தது அந்தச் சீட்டின் வழியாகத்தான்.

ஆனால் பாட்டு காற்றில் கலந்துவிட்டதாலேயே தெரு அழிந்துவிடவில்லை. 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷீரடியில், அம்பேத்கர் பாடலைக் கைபேசி அழைப்பொலியாக வைத்திருந்ததற்காக ஒரு தலித் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். சட்டைப் பைக்குள்ளிருந்து ஒலித்த சில நொடிப் பாட்டு அது. எந்தப் பாட்டை, எங்கே, யார் காதில் விழும்படி வைக்கலாம் என்பது இந்த நாட்டில் இன்னும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பாட்டைப் பற்றிப் பேச என்ன அவசரம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

பறை: விட்டவர்களும் எடுத்தவர்களும்

நம் காதுகளை முதலில் வளர்த்தது பறை. வளைந்த மூன்று மரத்துண்டுகளைச் சேர்த்து வட்டச் சட்டம் செய்து, அதன்மேல் பதப்படுத்திய மாட்டுத்தோலை இழுத்து ஒட்டுவார்கள். இடது கையில் மெல்லிய, நீண்ட சிம்புக் குச்சி. வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. வாசிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். சூட்டில் ஈரம் போய்த் தோல் விறைக்கும். அப்போதுதான் ஒலி தெறிக்கும். நேரம் ஆக ஆகத் தோல் தளரும், திரும்பவும் காய்ச்ச வேண்டும். தோலைத் தட்டிப் பார்த்தே இது போதும், இது போதாது என்று சொல்லும் செவி பறையடிப்பவருக்கு உண்டு. எந்தப் பாடசாலையும் தராத இசைப் பயிற்சி அது.

பறையைச் சாவோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது அதன் அடிகளின் பெயர்களைக் கேட்டாலே பொய்த்துவிடும். சாமிச்சாட்டு அடி, சப்பரத்தடி, மருள் அடி, வாழ்த்தடி, ஒத்தையடி, மாரடிப்பு அடி என்று பிறப்பு முதல் இறப்பு வரை, வயல் முதல் கோயில் வரை அதற்கு அடிகள் உண்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு பறையையும் வைக்கிறது. ஒரு நிலத்தின் அடையாளமாக எண்ணப்பட்ட கருவி, பின்னர் ஒரு சாதியின் இழிவாக ஆக்கப்பட்டது. கருவி மாறவில்லை. அதை வாசிப்பவருக்கு மறுக்கும் உரிமை இல்லாமல் போனதுதான் மாற்றம். ஊரில் சாவு என்றால் போக வேண்டும். காய்ச்சலாக இருந்தாலும், தன் வீட்டிலேயே துக்கம் என்றாலும் போக வேண்டும். கூலி என்பது கொடுப்பவர் மனம்போல. தண்டோரா போடுவதும் அதே கட்டாயத்தின் இன்னொரு வடிவம். அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தமிழக அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியதே 2022இல்தான்.

ஆகவே நம் முன்னோரில் பலர் பறையை விட்டார்கள். தென்னார்க்காடு பகுதியில் இளையபெருமாள் போன்ற தலைவர்கள், பறையடிக்கும் கட்டாய வேலையை விடச் சொல்லி இயக்கம் நடத்தினார்கள். விட்டதற்காக அடி வாங்கியவர்கள், வேலை மறுக்கப்பட்டவர்கள் ஏராளம். அவர்கள் இசையை வெறுத்தவர்கள் அல்லர், அடிமைத்தனத்தை வெறுத்தவர்கள்.

இன்னொரு பக்கம், விட்ட பறையை எடுத்தவர்களும் வந்தார்கள். மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, திருச்சபைக்குள் கேட்ட கர்நாடக இசையும் மேற்கத்தியக் கீதங்களும் யாருடைய இசை என்று கேட்டார். கிராமத்துத் தலித் கிறித்தவர்கள் தங்கள் பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வர வேண்டியதில்லை என்று சொல்லி, அந்த மெட்டுகளிலேயே வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். கே. ஏ. குணசேகரன் நாட்டுப்புற இசையைப் பல்கலைக்கழகத்துக்கும் இயக்க மேடைக்கும் ஒருசேரக் கொண்டுபோனார். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை முன்வைத்து இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலை நம் காதுகள் பெரும்பாலும் குணசேகரனின் குரலில்தான் அறிந்தன. ஆண்களின் கருவி என்று இருந்த பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் இடுப்பில் கட்டினார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசான் தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கினார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

விடுவதா, எடுப்பதா என்ற இந்த விவாதம் புதிதல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிசொல் என்று சொல்லப்பட்டதை நெற்றியில் எழுதிக்கொண்டு நின்றார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசரோ அந்தப் பெயரையே ஏற்க மறுத்தார். நாம் சாதிபேதமற்றவர்கள், பூர்வ பௌத்தர்கள் என்றார். ஒருவர் பெயரை எடுத்தார், ஒருவர் விட்டார். நம் அரசியல் இருவரையும் முன்னோடிகளாக வைத்திருக்கிறது. நம் இசை ரசனையும் இந்த இரண்டு வழிகளிலும் நடந்து வந்திருக்கிறது.

பண்ணைப்புரத்திலிருந்து வந்த இசை

இளையராஜா 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தார். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளின் பாடகர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் பிரச்சாரத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அவர் பாடினார். தம்பிகள் அவரோடு ஊர் ஊராகப் போனார்கள். இளையராஜாவின் முதல் இசைக்கல்லூரி இந்தப் பிரச்சார மேடைதான். பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது.

அந்தப் படத்தின் பாட்டுகள் ரேடியோவில் ஒலித்தபோது நம் மக்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு ஒரு காரணம் இருந்தது. நடவில் பாடியது, தாலாட்டில் பாடியது, ஒப்பாரியில் இழுத்தது போன்ற மெட்டுகள், வயலினும் புல்லாங்குழலும் கிதாரும் சூழ்ந்து நிற்கத் திரும்பி வந்தன. நாட்டுப்புற மெட்டு சினிமாவில் அதற்கு முன்னும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கோமாளிக்கோ கும்மாளத்துக்கோ உரியதாக வைக்கப்பட்டிருந்தது. இளையராஜா அந்த மெட்டுக்கு அடியில் பேஸ் கிதாரை இன்னொரு மெட்டாகவே ஓடவிட்டார். வயலின்களை ஒன்றோடொன்று பேசவைத்தார். தாழ்ந்தது என்று சொல்லப்பட்ட மெட்டு எந்த உயர்ந்த அமைப்பையும் தாங்கும் என்று காட்டியது அவர் செய்த பெரிய காரியம். 1986இல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் தியாகராஜரையும் பாகையும் ஒரே தளத்தில் சந்திக்கவைத்தார். 2005இல் திருவாசகத்தை மேற்கத்திய இசைக்குழுவோடு சேர்த்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது.

நம் இளைஞர்கள் பலர் அவரிடம் எதிர்பார்த்தது வேறு. அவர் தம்மைத் தலித் இசைஞராக அறிவித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்பினார்கள்; அவர் அதைச் செய்யவில்லை. 2022இல் அம்பேத்கரையும் பிரதமர் மோடியையும் ஒப்பிட்டு வந்த நூலுக்கு அவர் எழுதிய முன்னுரை நம் அரங்குகளில் கடும் விவாதத்தைக் கிளப்பியது. அதற்கும் முன்பே ஆறாத புண் ஒன்று உண்டு. 1992இல் வந்த 'தேவர் மகன்' படத்தில் வாலி எழுதி அவர் இசையமைத்த பாடல் ஒன்று, தென்மாவட்டங்களில் சாதிப் பெருமையின் பாட்டாக ஆக்கப்பட்டு, நம் தெருக்களைக் கடக்கும்போது வேண்டுமென்றே ஒலிக்கவிடப்பட்டது. அந்தப் படம் தந்த காயத்தைப் பற்றி இயக்குநர் மாரி செல்வராஜ் பொதுமேடையிலேயே பேசினார். நாம் நேசித்த இசையே நம்மை மிரட்டும் கருவியாகவும் வந்தது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? இளையராஜாவைக் கொண்டாடுவதும் நிராகரிப்பதும் எளிது, விளக்குவதுதான் கடினம். எங்கள் வாசிப்பில் அவர் 'விட்டவர்' மரபில் வருகிறார். எனக்கென்று ஒதுக்கிய கருவியோடு நிற்கமாட்டேன், எந்த இசைக்குள்ளும் நுழைவேன் என்பது அவருடைய வாழ்க்கை சொல்லும் செய்தி. அது நமக்குத் தந்தது பெரிது. ஆனால் ஒரு மெட்டு வெளியே போன பிறகு அதை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதை மெட்டின் தரம் தீர்மானிப்பதில்லை. தெருவின் அதிகாரம் தீர்மானிக்கிறது. தனிமனிதரின் மேதைமை தெருவை மாற்றாது. அந்த வேலை இயக்கத்துடையது.

கடல் கடந்து வந்த குரல்கள்

கல்லூரி விடுதிகளில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் பாப் மார்லி படம் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். இந்த உறவுக்கு வரலாறு இருக்கிறது. 1946இல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1966இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் உருவான கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அரசியல் வந்த வழியில் இசையும் வந்தது.

டுபாய்ஸ் 1903இல் வெளியிட்ட 'கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்' நூலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் அடிமைகள் பாடிய துயரப் பாடல்களின் இசைக்குறிப்பை அச்சிட்டார். எழுதப்படிக்கத் தடை விதிக்கப்பட்ட மக்களுக்கு வரலாற்று ஆவணம் பாட்டுதான் என்பது அதன் பொருள். நம் ஒப்பாரிக்கும் இது பொருந்தும். செத்தவரின் உழைப்பு, பட்ட கடன், ஏறிய படி, தின்ற அடி எல்லாம் ஒப்பாரியில்தான் பதிவாகியிருக்கின்றன. எந்தத் தாலுகா அலுவலகத்திலும் அந்தப் பதிவேடு கிடையாது.

கறுப்பின மக்களிடமும் விடுவதா, எடுப்பதா என்ற சண்டை இருந்தது. தேவாலயத்துக்குப் போகும் கறுப்பினக் குடும்பங்கள் பல, ப்ளூஸ் இசையைச் சாத்தானின் இசை என்று வீட்டுக்குள் விடவில்லை. இந்தச் சண்டையைத் தன் உடம்பிலேயே சுமந்தவர் நினா சிமோன். 1933இல் வட கரோலினாவில் பிறந்த அவர், மேற்கத்தியச் செவ்வியல் பியானோ கலைஞராக விரும்பியவர். சிறுமியாக முதன்முதலில் மேடையேறியபோது முன்வரிசையில் இருந்த தம் பெற்றோரை வெள்ளையருக்காகப் பின்னால் எழுப்பி உட்காரவைத்தார்கள் என்றும், அவர்களைத் திரும்ப முன்னே உட்காரவைக்கும் வரை வாசிக்க மறுத்ததாகவும் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறம்தான் காரணம் என்று கடைசி வரை நம்பினார். 1963 செப்டம்பரில் பர்மிங்காம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றபோது அவர் எழுதிய 'மிசிசிப்பி காடம்' பாடலை மேடை நாடகப் பாட்டின் துள்ளலோடு அமைத்தார். கேட்பவர் கால் தாளம் போட ஆரம்பித்த பிறகுதான் சொல்லின் சூடு தெரியும். 2003இல் அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அதே இசைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது.

பாப் மார்லி 1945இல் ஜமைக்காவின் கிராமம் ஒன்றில் பிறந்து, கிங்ஸ்டன் நகரின் ட்ரெஞ்ச்டவுன் சேரிப்பகுதியில் வளர்ந்தவர். 1963இல் பீட்டர் டாஷ், பன்னி வெய்லர் ஆகியோரோடு சேர்ந்து 'வெய்லர்ஸ்' குழுவை உருவாக்கினார். கிங்ஸ்டனில் இசைத்தட்டு வாங்கக் காசில்லாதவர்கள் தெருவில் வைத்த பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளின் முன் கூடினார்கள். அங்கே அதைச் 'சவுண்ட் சிஸ்டம்' என்பார்கள்; நம் மைக் செட்டின் உடன்பிறப்பு. ரெகே இசையின் தாளம் எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். நான்கு எண்ணிக்கையில் நாம் வழக்கமாக அழுத்தம் தரும் முதல் எண்ணிக்கையை அது காலியாக விடுகிறது; மூன்றாவதில் டிரம் விழுகிறது. கிதார், எண்ணிக்கைகளுக்கு நடுவே வெட்டுகிறது. பேஸ் கிதார்தான் கதை சொல்கிறது. வெய்லர்ஸின் கார்ல்டன் பேரட், ஆஸ்டன் பேரட் சகோதரர்கள் டிரம்மிலும் பேஸிலும் இதை நிலைநிறுத்தினார்கள். எங்கே அடி விழும் என்று எதிர்பார்க்கிறோமோ அங்கே விழாததால் உடம்பு முன்னால் சாய்கிறது. அதனால்தான் மொழி தெரியாதவரையும் அது ஆட்டிவைக்கிறது.

1980 ஏப்ரலில் சிம்பாப்வே விடுதலை பெற்ற விழாவில் மார்லி பாடினார். மறு ஆண்டே, 36 வயதில், புற்றுநோயால் இறந்தார். இன்று அவர் படம் சட்டைகளில் விற்கிறது. படத்தை மட்டும் அணிந்துகொண்டு அவர் எதிர்த்த காலனியத்தையும் நிறவெறியையும் மறந்துவிடச் சந்தை சொல்லித்தருகிறது. அம்பேத்கர் படத்துக்கும் இந்த ஆபத்து வந்துகொண்டிருக்கிறது.

கானாவும் சாதியற்ற மேடையும்

வடசென்னையின் கானா சாவு வீட்டு வாசலில் வளர்ந்தது. இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய இடத்தில், செத்தவர் யார், எப்படி வாழ்ந்தார், நாளை நமக்கென்ன என்று பாடுவார்கள். டோலக் இருந்தால் டோலக். இல்லையென்றால் பெஞ்சுப் பலகை. தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் அது சினிமாவுக்குள் வந்தது. 2006இல் கானா உலகநாதன் 'சித்திரம் பேசுதடி' படத்தில் தானே தோன்றிப் பாடினார். 2012இல் பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி' படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடினார். சினிமா கானாவை விரும்பியது உண்மை. அதைக் குத்துப்பாட்டுக்கும் காதல் தோல்விக்கும் என்று ஒதுக்கிவைத்ததும் உண்மை.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது இந்த ஒதுக்கீடு உடைந்தது. நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து திரட்டிய 19 கலைஞர்கள். கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். குழுவின் பெயர் அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்தது. மேலே சொன்ன இரண்டு வழிகளும் இங்கே சந்தித்தன: சாதிப் பெயரை விட்ட அயோத்திதாசரின் கருத்து பெயராகவும், சாதி இழிவாக்கிய கருவி ஒலியாகவும். இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக் கொலை என்று மேடைப் பேச்சில் கேட்டுப் பழகியவை பாட்டாக வந்தன. ஆண்கள் மட்டுமே பாடிவந்த கானாவில் இசைவாணி எழுந்து நின்றார். 2020இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. சபாக்களின் மாதம் என்று எழுதிவைத்திருந்த மார்கழியில் பறைக்கும் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் மேடை போட்டார்கள்.

கேட்பவர் எழுப்ப வேண்டிய மூன்று கேள்விகள்

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, விடுவதா எடுப்பதா என்ற கேள்விக்கு வருவோம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது தவறான கேள்வி என்பதே எங்கள் நிலைப்பாடு. அதற்குப் பதிலாக எந்த இசையைக் கேட்கும்போதும் மூன்று கேள்விகளை எழுப்பலாம்.

முதலாவது, வாசிப்பவர் மறுக்க முடியுமா? ஊர்ச் சாவில் மறுக்க முடியாமல் அடிக்கும் பறையும், பயிற்சி முகாமில் விரும்பிக் கற்கும் பறையும் ஒரே கருவி. ஒரே நிலைமை அல்ல. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் பறையை விடுவதுதான் விடுதலை. அந்த உரிமை கிடைத்த இடத்தில் எடுப்பதும் விடுதலை. நகரத்து மேடையில் பறையைப் பெருமையாக அடிக்கும் நம் மாணவர், கிராமத்தில் அதை விட்ட தாத்தாவைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. தாத்தா மறுத்ததால்தான் பேரனுக்குத் தேர்வு கிடைத்தது. ஆனால் இன்னும் கட்டாயம் நிலவும் ஊர்களில், "பறை நம் பாரம்பரியம்" என்ற நம் முழக்கத்தையே ஆதிக்கச் சாதியினர் எடுத்து, "உங்கள் பாரம்பரியம்தானே, வந்து அடியுங்கள்" என்று சொல்ல முடியும். அதற்கு இடம் கொடுக்காத எச்சரிக்கை வேண்டும்.

இரண்டாவது, பெயர் யாருடையது? மிருதங்கத்தின் வலந்தலைக்கும் இடந்தலைக்கும் மாடு, எருமை, ஆட்டுத் தோல்கள் வேண்டும். தோலைத் தேர்ந்து, பதமாக்கி, மூட்டித் தருபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் அவர்களைப் பற்றியது. பாலக்காடு மணி ஐயரின் பெயர் உலகுக்குத் தெரியும். அவர் தேடிய நாதத்துக்காகத் தோலோடு போராடிய பர்லாந்தின் பெயர் அந்த நூலுக்குப் பிறகே பலருக்குத் தெரிந்தது. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தபோதும் இதே கேள்வி வந்தது. அந்தப் பாட்டை எழுதிப் பாடிய அறிவு இல்லாமலேயே ஓர் இசை இதழின் அட்டை வெளிவந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு அவருக்கெனத் தனியாக இணைய அட்டை வெளியிட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த முன்னோரின் நினைவிலிருந்து பிறந்த பாட்டுக்கே இந்த நிலை.

மூன்றாவது, காசும் இடமும் யாருக்கு? இதை நம் பக்கமே திருப்பிக் கேட்க வேண்டும். இயக்க மாநாடுகள் பலவற்றில் பறைக்குழுவைத் தொடக்க நிகழ்ச்சிக்கு அழைக்கிறார்கள். கூட்டம் சேர்ந்ததும் கலைஞர்கள் மேடையை விட்டு இறங்குகிறார்கள், பேச்சாளர்கள் ஏறுகிறார்கள். பேச்சாளருக்குச் சால்வை, கலைஞருக்குப் பேருந்துக் கட்டணம் என்றால் ஊர் வைத்த அதே வரிசையைத்தான் நாமும் வைக்கிறோம். கலைஞரின் பெயர் அழைப்பிதழில் வர வேண்டும்; ஊதியம் முன்கூட்டியே பேசப்பட வேண்டும்; கருத்தரங்கில் அவரும் பேச வேண்டும்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்து முடிக்கிறோம். உங்கள் தெருவில் ஒப்பாரி பாடும் பாட்டி, பறையை விட்ட தாத்தா, மைக் செட் வைத்திருந்த மாமா, கானா பாடும் அண்ணன் ஆகியோரிடம் உட்கார்ந்து பேசுங்கள். என்ன பாடினார்கள், யாரிடம் கற்றார்கள், எப்போது நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். அனுமதி பெற்றுப் பதிவு செய்யுங்கள்; பதிவில் அவர்கள் விரும்பும் பெயரையே போடுங்கள். பாட மறுத்தால் அந்த மறுப்பையும் காரணத்தையும் எழுதிவையுங்கள். அதுவும் நம் இசை வரலாற்றின் பகுதிதான். அடுத்த ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பெயரையாவது, ஒரு பாட்டையாவது கொண்டுவாருங்கள். அவற்றைச் சேர்த்து அச்சிடும் பொறுப்பு அரங்கத்துடையது.

ஜெய்பீம்.